பெரிய முள்ளைப் பிய்த்தவள்

டீச்சர்,

நேற்று அடுப்படித் தொட்டிக்குக் கீழே கரப்பான் மருந்து அடிக்கக் குனிந்தேன். உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பை கையில் தட்டுப்பட்டது. முடிச்சை அவிழ்த்ததும் வந்த வாசனையிலேயே தெரிந்துவிட்டது. காய்ந்த பசை, மார்க்கர் மை, கொஞ்சம் கரப்பான். நாம் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்த காகிதத் தட்டுக் கடிகாரங்கள். முப்பதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றிலும் உங்கள் உருண்டைக் கையெழுத்தில் ஒரு பிள்ளையின் பெயர், சுற்றி பன்னிரண்டு எண், நடுவில் அட்டையில் வெட்டிய இரண்டு முள். அடியில் கிடந்த ஒன்றில் மட்டும் ஒரே முள். அதில் என் பெயர்: சரசு அக்கா. பக்கத்தில் நான் அடம்பிடித்து வாங்கிய நட்சத்திர ஒட்டி.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. நலமா என்று கேட்கப் போவதில்லை. பதில் சொல்லாத ஆளிடம் நலம் கேட்டு என்ன பயன்? சண்டை போடலாம். நாம் முடிக்காமல் விட்ட சண்டை ஒன்று இருக்கிறது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்து இங்கே புதிதாக ஒன்றையும் ஆரம்பித்திருக்கிறேன். இரண்டையும் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் அங்கேயும் சிவப்புப் பேனாவைத் தேடாதீர்கள்.

செமோருக்கு அந்தப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் பிறந்தவள் நான். அம்மா பாலுக்கு மரம் வெட்டப் போகும்போது என்னைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார். அங்கே புரண்டு வளர்ந்தவள், நாற்பத்திரண்டு வயதில் ஈப்போ குனோங் ராபாட்டில் உங்கள் பாலர் பள்ளிக்கு ஆயாவாக வந்து சேர்ந்தேன். முதல் நாள் உங்களிடம் இதைத்தான் சொன்னேன். "நான் எங்கயும் போகல டீச்சர். கொட்டகைதான் மாறியிருக்கு."

நீங்கள் சிரித்தீர்கள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த அம்மாவைச் சிரிக்க வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று.

பிழைக்க வேண்டியிருந்தது, டீச்சர். எனக்கு மணி பார்க்கத் தெரியாது.

தோட்டத்தில் யாருக்கும் அது பெரிய குறையாகப் பட்டதில்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள், எல்லாரும் ஆள் கணக்குக் கொடுக்கப் போவார்கள். பால் எடுக்கும் நேரத்துக்கு ஒரு தட்டு. ஆலைச் சங்கு ஒன்று. பள்ளிக்கூடத்துச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் சேர்ந்த அன்று எட்டு மணி பத்து நிமிடம் காட்டியது, நின்ற அன்றும் அதையேதான் காட்டியது. இதுகூட நீங்கள் முள்ளைக் காட்டி விளக்கிய பிறகு, ஞாபகத்தில் இருந்த படத்தை வைத்து நானே கண்டுபிடித்தது. எங்கள் பக்கம் நேரம் காதுக்கு வரும். கண்ணுக்கு வராது.

பிறகு வேலைக்குப் போன இடங்களிலும் அப்படியே ஓடிவிட்டது. தொழிற்சாலையில் மணி அடித்தது, வேன் வந்து ஹார்ன் அடித்தது. கைப்பேசி வந்ததும் எண்ணை வாசித்துக்கொண்டேன். பதினொன்று இருபது என்று படிப்பேன். அதற்கும் பதினொன்றரைக்கும் நடுவில் ஒரு பானை சோறு வேகுமா என்று கேட்டால் முழிப்பேன். முழிப்பது தெரியக்கூடாது என்றுதான் வாயை வளர்த்தேன்.

நீங்கள் கை கழுவிக்கொண்டே கேட்பீர்கள். "அக்கா, மணி என்ன பாருங்கோ."

"அவ்வளவு பெரிய கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னையப் பாக்கச் சொல்றீங்க. கண்ணாடி என்ன அழகுக்கா டீச்சர்?"

"ஓம், அழகுக்குத்தான்."

"எப்பப் பாரு ஓம் ஓம்னு. பள்ளிக்கூடமா, கோயிலா இது?"

நீங்கள் சிரித்துக்கொண்டே வந்து கடிகாரத்தை நீங்களே பார்ப்பீர்கள். நான் தப்பித்துவிடுவேன்.

பகல் சோற்றுக்கு எனக்கு மலை இருந்தது. பள்ளிக்குப் பின்னால் வீட்டு வரிசை, அதற்குப் பின்னால் சுண்ணாம்பு மலை, அதற்கும் அப்பால் கல் உடைக்கும் இடம். தினமும் பதினொன்றரை வாக்கில் சங்கு ஊதும். சற்று நேரத்தில் வெடி வைப்பார்கள். சன்னல் கண்ணாடி நடுங்கும், பிள்ளைகள் 'டும்' என்று கூடவே கத்துவார்கள், நான் சோற்றைத் தட்டில் போடுவேன். ஒரு நாளும் பிந்தியதில்லை. "அக்காவுக்கு மணிக்கூடே தேவையில்லை, அவ்வளவு சரியா வைக்கிறா" என்று உங்கள் தங்கையிடம் பெருமையாகச் சொன்னீர்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஒரு நாள் காலையிலிருந்து அடைமழை. மழையில் வெடி வைக்க மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நனையுமென்று கைப்பேசியையும் வீட்டில் விட்டு வந்திருந்தேன். கையில் கரண்டியோடு காத்திருந்தேன். சோறு ஆறியது. சாம்பார் ஆறியது. பிள்ளைகள் மேசையில் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள். வேன்கார அண்ணன் வாசலில் மூன்று தரம் ஹார்ன் அடித்துவிட்டார். நீங்கள் ஓடி வந்தீர்கள். நான் சுவர்க் கடிகாரத்துக்கு நேரே, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்படி நின்றதுதான் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. மணி பார்க்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்கள்.

"அக்கா, பன்னெண்டு பத்து."

"அடடே," என்றேன்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு நீங்கள் அடுப்படிக் கதவைச் சாத்தினீர்கள். வேலை போயிற்று என்று நினைத்தேன். நீங்கள் எதையும் கேட்காமல் ஆறிய சோற்றை ஒரு தட்டில் போட்டு, சின்ன நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தீர்கள். பாதித் தட்டு முடிந்த பிறகுதான் பேசினீர்கள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வகுப்புக்கு வாங்கோ. தட்டு வெட்டக் கை உதவி வேணும்."

"எனக்கு அதெல்லாம்..."

"கை உதவி எண்டுதானே சொன்னனான்."

"யார்ட்டயும் சொல்லிறாதீங்க டீச்சர். எம் புள்ளைங்களுக்கே தெரியாது."

"என்ர வாயால வராது" என்றீர்கள். வரவும் இல்லை. கடைசிவரை.

அப்படித்தான் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில், என் பாதி உடம்புகூடக் கொள்ளாத ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் செய்த தப்பையெல்லாம் ஒன்று விடாமல் நானும் செய்தேன். பெரிய முள் மூன்றில் நின்றால் மூன்று நிமிடம் என்றேன். இரண்டரை வை என்றால், சின்ன முள்ளை இரண்டின் நெற்றியில் குத்தி வைத்தேன். மூன்று மணி ஐம்பது நிமிடத்தை நாலு ஐம்பது என்று அடித்துச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனுஷா என் தட்டை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாலு இன்னும் வரலக்கா. பக்கத்துல வந்து நிக்குது, அவ்ளோதான்."

"பக்கத்துல வந்துட்டா வந்த மாதிரிதானே?"

"எங்கப்பாகூட வாசல் கேட்டுகிட்ட வந்து நின்னுகிட்டு போன் பேசுவாரு. வீட்டுக்குள்ள வந்த மாதிரியா அது?"

நீங்கள் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

உங்கள் பாடம் எனக்குப் பிடிக்கவில்லை, டீச்சர். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். உங்கள் அப்பா ரயில் நிலையத்தில் வேலை பார்த்தவர். உங்கள் வீட்டில் சமையலறையிலும் ஒரு கடிகாரம், குளியலறை வாசலிலும் ஒன்று. நிமிடத்தைப் பாலோடு குடித்து வளர்ந்தவர் நீங்கள். அதனால் முதல் நாளே இரண்டு முள்ளையும் கொடுத்தீர்கள். அஞ்சு, பத்து, பதினஞ்சு என்று ராகம் போட்டுச் சொல்லச் சொன்னீர்கள். பிள்ளைகள் ராகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மணியை விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது வாரம் எனக்கு ஆத்திரம் வந்தது. ஏழேகால் வை என்றீர்கள். வைத்தேன், தப்பு. திருப்பி வைத்தேன், அதுவும் தப்பு. தனுஷா வைத்ததும் தப்பு. பெரிய முள்ளைப் பிடித்து வெடுக்கென்று பிய்த்து எறிந்தேன்.

"என்ன அக்கா இது?"

"இவன் வேணாம் டீச்சர். நீளமா இருக்கான், எல்லாக் கண்ணும் இவன் மேலதான் போகுது. இவன் தோட்டத்துக் கங்காணி மாதிரி, சும்மா சுத்திச் சுத்தி வாரான். அந்தச் சின்னது பாருங்க, மரம் வெட்டுறவ மாதிரி. அசையறதே தெரியாது, ஆனா வேலை அவதான் செய்யிறா."

"கங்காணி இல்லாம தோட்டம் நடக்குமோ?"

"நடக்கும். எங்கம்மாளக் கேட்டுப் பாருங்க."

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் சிரித்தார்கள். நான் என் ஒற்றை முள் தட்டைத் தூக்கிக் காட்டினேன். ஏழைத் தாண்டிக் கொஞ்சம் நகர்த்தினேன். "இப்ப என்ன?" "ஏழு ஆயிருச்சு!" "இன்னும் கொஞ்சம்?" "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல!" "இப்ப?" "எட்டு வரப் போகுது, கேட்டுகிட்ட நிக்குது!" கடைசியாகச் சொன்னவள் தனுஷா. நாலாவது வரிசைவரை எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கேட்டு வாங்கிய நட்சத்திரம் அதற்குத்தான்.

நட்சத்திரம் கொடுத்தீர்கள். பிள்ளைகள் போன பிறகு மல்லுக்கும் நின்றீர்கள். "ஒரு முள்ளு எண்டது பாதிப் படிப்பு அக்கா. பாதி படிச்சாப் போதும் எண்டுறதுதான் உங்கட ஆக்களைத் தோட்டத்திலயே வச்சிருந்தது."

உங்கட ஆக்கள். அந்த வார்த்தையை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். மறக்கவில்லை. எங்கள் ஆட்களைப் பாதிப் படிப்பு தோட்டத்தில் வைக்கவில்லை, டீச்சர். முதல் வகுப்பிலேயே தலைக்கு மேல் கொட்டி, புரியாதவனை மக்கு என்று பின் வரிசையில் தள்ளினார்களே, அதுதான் வைத்தது. எனக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று எல்லாரிடமும் சொல்வேன். தம்பி உண்மைதான். ஆனால் நின்ற கடிகாரத்தைக் காட்டி ஓடும் மணியைக் கேட்ட வாத்தியாரிடமிருந்து தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டதும் உண்மை. இதை அன்றைக்கு உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் மூன்று நாள் உங்கள் தேநீரில் சீனி போடவில்லை. நீங்களும் கேட்கவில்லை. மூன்று நாளும் கசப்பைக் குடித்தீர்கள்.

நான்காம் நாள் ஒரு புதுச் சுவர்க் கடிகாரத்தோடும் திருப்புளியோடும் வந்தீர்கள். அடுப்படி மேசையில் கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றி, பெரிய முள்ளை மெதுவாக உருவி எடுத்தீர்கள். நொடி முள்ளையும் எடுத்தீர்கள்.

"ஒரு மாசம்தான்," என்றீர்கள். "பிறகு நான் போட்டுடுவன்."

மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அன்றைய தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டேன். ஒரு மிடறு குடித்துவிட்டு "ஐயோ, இது பழிவாங்கலோ?" என்றீர்கள்.

ஒரு மாதம் என்றது எட்டு வருடம் ஓடியது. ஒற்றை முள் கடிகாரம் வகுப்பில் தொங்கியது. ஒரு அப்பா பரிதாபப்பட்டு புது பேட்டரி வாங்கி வந்து நாற்காலி போட்டு ஏறியே விட்டார். அவருடைய மகள்தான் கீழே நின்றுகொண்டு, "பா, அது ஓடுதுப்பா. நீங்கதான் பாக்கத் தெரியாம பாக்கறீங்க" என்று சொன்னாள். ஒவ்வொரு வருடமும் கடைசிப் பருவத்தில் பெரிய முள் உள்ள கடிகாரத்தையும் பக்கத்தில் மாட்டுவீர்கள். அதற்குள் பிள்ளைகளுக்குச் சின்ன முள் சொந்தக்காரர் மாதிரி ஆகியிருக்கும். சின்னது எவ்வளவு தூரம் வந்தது என்று சொல்ல வந்த ஆள்தான் பெரிய முள் என்று ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். "பாத்தீங்களோ, பெரிய முள்ளு வந்தாத்தான் முழுசாகுது" என்பீர்கள். "நான் பிச்சதாலதான் டீச்சர் இன்னைக்கு அது ஒட்டுது" என்பேன். யார் சொன்னது சரி என்று நாம் தீர்க்கவே இல்லை.

ஈப்போ மருத்துவமனையில் உங்களைக் கடைசியாகப் பார்த்தது ஒரு புதன்கிழமை. பார்வையாளர் நேரம். உங்கள் கட்டிலுக்கு எதிரே, வார்டின் அந்தக் கோடியில் ஒரு வட்டக் கடிகாரம். கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தீர்கள். அதைப் போடும் அளவுக்குக்கூட மூக்கில் சதை இல்லை.

"மணி என்ன அக்கா?"

வழக்கமான கேலி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "ரெண்டே முக்கால், டீச்சர்."

"ரெண்டு முள்ளும் பார்த்தோ சொன்னீங்கள்?"

"உங்களுக்காக அந்தக் கங்காணியையும் பாத்துத் தொலைச்சேன்."

கண்ணை மூடிக்கொண்டே சிரித்தீர்கள். "நான் போன பிறகு வகுப்பு மணிக்கூட்டுக்குப் பெரிய முள்ளைப் போட்டுடுங்கோ. குறையா நிக்கக்கூடாது" என்றீர்கள்.

"முடியாது டீச்சர்."

"சாகப் போறவள் கேக்கிறன்."

"அதுக்காகவெல்லாம் முடியாது."

சிரிப்பு இருமலாக மாறி, தாதி ஓடி வந்து என்னை முறைத்தாள். வெளியே போகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை உங்கள் தங்கை அழைத்துச் சொன்னார். ஆக, நான் உங்களிடம் கடைசியாகச் சொன்னது முடியாது என்பதுதான். மற்றவர்கள் என்றால் இதை நினைத்து நினைத்து அழுவார்கள். நான் அழவில்லை. வேறு எதையாவது சொல்லியிருந்தால் நீங்கள் பயந்திருப்பீர்கள்.

இனி புதுச் சண்டைக்கு வருகிறேன்.

உங்களுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த மிஸ் நல்ல பெண். பட்டம் படித்தவர், சுத்தமானவர், சம்பளம் சரியாகத் தருகிறார். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். வந்த மாதமே வகுப்புக்குப் புதுச் சாயம் அடித்தார். ஒற்றை முள் கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சிவப்பு எண் ஒளிரும் பெட்டி ஒன்றை மாட்டினார். மணி பார்க்கும் பாடம் அட்டவணையில் இல்லை. அந்த இடத்தில் தட்டைக் கணினியில் வரும் ஏதோ ஒரு விளையாட்டுப் பாடம். "இப்ப யாருக்கா முள்ளு பாக்கறாங்க" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுப்படி என் வேலை, அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

கவிஷா வந்தாள். ஐந்து வயது. அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். பகல் சோற்றுக்குப் பிறகும் இங்கேயே இருக்கும் ஏழு பிள்ளைகளில் ஒருத்தி. அவள் அம்மா விட்டுவிட்டுப் போகும்போது "நாலு மணிக்கு வாரேன்" என்பாள். மறுவாரம் "அஞ்சரைக்கு வாரேன்" என்பாள். கவிஷா சிவப்புப் பெட்டிக்கு அடியிலேயே உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு எண் தெரியும்.

"அக்கா, ஒண்ணு, நாப்பத்தாறு. அம்மா வருவாங்களா?"

"இல்லம்மா. நாலுக்கு."

"இப்ப ஒண்ணு, நாப்பத்தேழு. இப்ப?"

ஒவ்வொரு எண் மாறும்போதும் அவள் முகம் மலரும், பிறகு சுருங்கும். நாற்பத்தேழு என்பது நாலைவிடப் பெரிது என்று அவளுக்குத் தெரியும். அப்படியென்றால் நாலு ஏற்கெனவே போய்விட்டதா? அம்மா வராமலே போய்விட்டாளா? ஒன்று ஐம்பத்தொன்பது முடிந்து இரண்டு, பூஜ்யம், பூஜ்யம் என்று மாறியதும் ஓவென்று அழுதாள். எல்லாம் அழிந்துபோய் மறுபடி முதலிலிருந்து வருவதாக நினைத்துவிட்டாள். அழுது அழுது ஒரு நாள் வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெட்டி அவளுக்கு எண்ணைத்தான் காட்டுகிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டவில்லை. பதினொன்று இருபதைப் படித்துவிட்டு முழித்து நின்றவள் நான். இன்னொருத்தி அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு முடியாது.

மிஸ்ஸிடம் மூன்று தரம் சொன்னேன். முதல் தரம் சிரித்தார். இரண்டாம் தரம் பார்க்கலாம் என்றார். மூன்றாம் தரம், "அக்கா, பாடம் எது வைக்கணும்னு படிச்சவங்க முடிவு பண்ணட்டும்லா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் வலி குறையவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நான் பின்னால் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். மிஸ் அட்டவணையைச் சுவரில் காட்டி விளக்கினார். "கேள்வி ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மிஸ்," என்றேன். குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகம். இருபது தலை திரும்பியது. "முள்ளு மணிய ஏன் எடுத்தீங்க?"

மிஸ் பதில் சொல்வதற்குள் முன் வரிசையிலிருந்து ஒரு அப்பா சிரித்தார். "அக்கா, எல்லாம் போன்ல இருக்கு. இந்தக் காலத்துல மணி பாக்கத் தெரியாத ஆள் யாரு இருக்கா?"

"நான் இருந்தேன், அண்ணே."

டீச்சர், நீங்கள் காப்பாற்றி வைத்ததை நானே உடைத்தேன். கையில் மைலோ கரண்டியோடு சொன்னேன். "நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் எனக்கு மணி பாக்கத் தெரியாது. மலையில வெடி வச்சாத்தான் உங்க புள்ளைங்களுக்கு முன்ன இருந்த புள்ளைங்களுக்கு சோறு. மழை பேஞ்சா பட்டினி. இதே பள்ளியில, ஆறு வயசுப் புள்ளைங்களோட குட்டி முக்காலியில உக்காந்து கத்துக்கிட்டேன்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். என் மகன் அங்கே இல்லை. ஆனால் அவனுடைய கூட்டாளியின் மனைவி இருந்தாள். சாயங்காலத்துக்குள் அவனுக்குப் போய்விடும் என்று தெரியும்.

"சிரிங்க, சிரிங்க. நானும் அத்தனை வருஷமும் சிரிச்சுத்தான் சமாளிச்சேன். எனக்கு எண் படிக்கத் தெரியும், அண்ணே. மணி தெரியாது. உங்க போன்ல இப்ப பத்து பத்துன்னு இருக்கும். வீட்டுக்குப் போக இன்னும் எவ்வளவு இருக்குன்னு அதுல தெரியுதா?"

"கணக்குப் போட்டுக்க வேண்டியதுதான்."

"நீங்க போடுவீங்க. அஞ்சு வயசுப் புள்ள எதை வச்சுப் போடும்?"

அவர் காலைப் பார்த்துக்கொண்டார். கதவோரத்தில் வேலை உடுப்போடு நின்றிருந்த கவிஷாவின் அம்மா மெதுவாகப் பேசினாள். "மிஸ், நான் நாலு மணின்னு சொல்லிட்டுப் போறேன். அவளுக்கு நாலுன்னா என்னன்னே தெரியல. வேலையில நின்னுகிட்டு அவ அழுவாளேன்னு நெனச்சுகிட்டே இருக்கேன்."

மிஸ் தலையாட்டினார். கவனத்தில் வைக்கிறேன் என்றார். எல்லாரும் போன பிறகு அடுப்படிக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எங்கிட்ட தனியாச் சொல்லிருக்கலாம்ல அக்கா?"

"தனியா மூணு தடவ சொன்னேன் மிஸ்."

"அட்டவணை போட்டாச்சு. வகுப்புல அந்த மணியும் வேணாம். பாக்கறவங்க உடைஞ்சதுன்னு நெனைப்பாங்க."

"சரி மிஸ். வகுப்புல வேணாம்."

சாயங்காலம் மகன் அழைத்தான். "ஏம்மா இத்தனை நாளா சொல்லல?" என்றான். "கேட்டியா நீ?" என்றேன். எனக்கு வெட்கமாக இல்லை. தலையிலிருந்து விறகுக் கட்டை இறக்கினால் கழுத்து கொஞ்ச நேரம் ஆடும் பாருங்கள், அப்படித்தான் இருந்தது.

திங்கட்கிழமை அடுப்படிச் சுவரில் ஆணி அடித்தேன். அட்டவணை வகுப்புக்குத்தான். அடுப்படிக்கு யாரும் அட்டவணை போடவில்லை. ஒற்றை முள்ளை மாட்டினேன். பகல் சோற்றுக்குப் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக வருவார்கள் அல்லவா? ஒவ்வொருத்தரும் அண்ணாந்து பார்த்து முள் எங்கே நிற்கிறது என்று சொன்னால்தான் சோறு. தப்பாகச் சொன்னாலும் சோறு உண்டு. நான் அப்படி ஒன்றும் கங்காணி இல்லை. ஆனால் இன்னொரு தரம் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வரிசை நத்தையாக நகர்ந்தது. மிஸ் கதவில் வந்து நின்றார்.

"அக்கா, நான் என்ன சொன்னேன்?"

"வகுப்புல வேணாம்னு சொன்னீங்க மிஸ். இது அடுப்படி."

"சோறு ஆறிப் போகுதுல்ல?"

"ஆறின சோத்த டீச்சரே சாப்பிட்டிருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல."

அவர் என்னை வேலையிலிருந்து நிறுத்தலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கிறது. நிறுத்தினால் வாசலில் வேன் நிற்கும் இடத்தில் நின்று, தட்டைத் தூக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுப்பேன். வேன் ஓடும் சடக்கு யாருக்கும் சொந்தமில்லை. இதுவரை நிறுத்தவில்லை. சில நாள் கதவில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் கவிஷா அடுப்படிக்கு வந்தாள். நான் பானை தேய்த்துக்கொண்டிருந்தேன். எண்ணுக்கு எண் நடுவில் இருப்பது ஒரு வீடு என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். விரலை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ரெண்டு வந்துருச்சுக்கா. அம்மா நாலு. இன்னும் ரெண்டு வீடு."

"ரொம்ப தூரமா?"

யோசித்தாள். "இல்லக்கா. முள்ளு நடந்தே போயிரும்."

சொல்லிவிட்டு முன் அறைக்குப் போய்க் கட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். பிறகு வந்து கேட்கவே இல்லை, டீச்சர். மூன்றைத் தாண்டும்போது ஒரு தரம் கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், அவ்வளவுதான். நான்தான் பானையை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன், தரையைக் கூட்டிக்கொண்டே பார்த்தேன், துணியைப் பிழிந்துகொண்டே பார்த்தேன். அவள் அம்மா நாலைக் கொஞ்சம் தாண்டித்தான் வந்தாள். கவிஷா கோபுரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஒருத்தர் வாயையும் பார்க்காமல் தலையை நிமிர்த்தினால் போதும், நேரம் எனக்கே தெரிகிறது என்பது இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. ஒவ்வொரு தரமும் புதிதாக இருக்கிறது. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அதுதான். திருப்பித் தருவதாக இல்லை.

சரசு